மேரியைப் பார்க்கப் போன நாள்

அக்கா,

இன்று காலை உங்கள் வீட்டு டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றினேன். கிழிந்துபோய் ரப்பர் பேண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து லேசாகக் கருவாட்டு வாசனை வந்தது. அடுப்புக்கும் டிவிக்கும் நடுவே ஓடி ஓடி, கைகூடக் கழுவாமல் சத்தத்தைக் கூட்டுவீர்களே, அந்த வாசனை. நீங்கள் போய் இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. புது உறை போட மனம் வராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பாகூர்ப் பக்கத்தில் உங்களைப் போல டிவி பார்த்தவர் யாரும் இருக்க முடியாது. ஏழரை மணி காமெடித் தொடரில் அலமாரிக்குள் ஒருவன் ஒளிவான், கடிதம் கைமாறிப் போகும், ஊரிலிருந்து வந்த மாமியாரைத் திருடி என்று நினைத்துப் போலீசுக்குப் போன் போகும். நான் சிரிப்பேன். நீங்கள் திட்டுவீர்கள். "ஒரு வார்த்த கேட்டுத் தொலையேன்டி! வாயில இன்னா கொழுக்கட்டையா?" மறுநாள் ரேஷன் கடை வரிசையில் அதே காட்சியை நீங்கள் நடித்துக் காட்டும்போது டிவியில் வந்ததைவிட இரண்டு மடங்கு சிரிப்பு வரும். ஒருமுறை சொன்னீர்கள்: "இதுல யாரும் பொய் சொல்றதில்லடி. எல்லாம் நெஜத்ததான் சொல்லுதுங்க. பாதிய சொல்லுதுங்க, மீதிய கேக்கறவ ரொப்பிக்கினு போறா." அதைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பாமல் டிவியையே பார்த்தீர்கள். ஏன் என்று அன்றைக்கு நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

அது நடந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டே மாதம். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவள் நான். இந்த ஊர்ப் பேச்சில் பாதி புரியாது. கேட்டால் சிரிப்பார்களோ என்று கேட்கவும் மாட்டேன். என் கணவரின் அண்ணன் மனைவியான உங்களைக் கண்டாலே பயம். ஓரகத்தியிடம் வாயைக் கொடுக்காதே என்று என் வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

இந்த வீட்டில் அடிக்கடி ஒரு பெயர் காதில் விழுந்தது. மேரி. என் கணவர் வாரத்துக்கு இரண்டு முறை பாண்டிக்குப் போய் வருவார். வந்ததும் வராததுமாக மாமனார் கேட்பார்: "மேரி இன்னா சொல்லுச்சு?"

"பேர மாத்தினாத்தான் ஆவுமாம்பா."

"அப்ப மாத்திக்கினு போ. மேரி ஒத்துக்கினாத்தான் கல்யாணம் செல்லும்."

இன்னொரு நாள் மாமனாருக்குக் கோபமே வந்துவிட்டது. "இன்னும் எத்தினி நாளுடா மேரிக்கும் வூட்டுக்கும் அலைவ?" என் கணவர் குனிந்து சோறு தின்றுகொண்டிருந்தார்.

பெயரை மாற்றச் சொல்கிறாள் என்றால் மதம் மாறச் சொல்கிறாள். அவள் ஒத்துக்கொண்டால்தான் என் கல்யாணம் செல்லும் என்றால், எனக்கு முன்பே அவள் இருந்திருக்கிறாள். வீட்டுக்கே தெரிந்திருக்கிறது. என்னை மட்டும்தான் ஏமாற்றிவிட்டார்கள். மீதியை இப்படித்தான் நான் நிரப்பிக்கொண்டேன். பத்து நாள் சோறு இறங்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அவர் பாண்டிக்குக் கிளம்பிய பிறகு பையில் துணியை அடுக்கினேன். திரும்பி வரும் எண்ணமே இல்லை.

"எங்கடி பையோட?" என்று வாசற்படியில் வந்து நின்றீர்கள். பயத்தையெல்லாம் மறந்து எல்லாவற்றையும் கொட்டினேன். "அந்த மேரியவே வச்சுக் குடும்பம் நடத்தட்டும்க்கா. நான் எங்க ஊருக்குப் போறேன்."

சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். தோள் ஒருமுறை குலுங்கியது. எனக்காக அழுகிறீர்கள் என்று நினைத்தேன். மறுபடி திரும்பியபோது முகத்தில் ஒன்றுமே இல்லை. "பைய வையி. நல்ல பொடவையா கட்டிக்கினு வா. மேரிய நானே காட்டறேன்."

அவளை என்னென்ன கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாண்டிக் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய வெள்ளைக் கட்டிடத்தின் முன்னால் என்னை நிறுத்தி, "இதான்டி மேரி" என்றீர்கள்.

பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் பதிகிற நகராட்சி ஆபீஸ். மேரி என்பது அதற்குப் பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர், பெரியவர்கள் வாயில் அப்படியே நின்றுவிட்டது. என் கணவர் பிறந்தபோது மாமனார் எழுதிவைத்த பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் வேறொன்று. அதைச் சரிசெய்தால்தான் எங்கள் கல்யாணத்தைப் பதிய முடியும். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு காகிதத்தை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போவார். அத்தனை அலைச்சலும் அதனால்தான்.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து அவர் ஃபைலோடு வெளியே வந்தார். "இன்னா அண்ணி, ரெண்டு பேரும் இங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொல்லிவிட்டீர்கள்: "உன் பொண்டாட்டி கடல பாத்ததே இல்லியாம். நீதான் இட்டாரல, நான் இட்டாந்தேன்." கண் சிமிட்டும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. டிவியில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன் அக்கா, அந்த வேகத்தை இன்றுவரை யாரிடமும் பார்க்கவில்லை.

அவர் சுண்டல் வாங்கப் போனதும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். "யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா."

"எத?" என்றீர்கள்.

அவ்வளவுதான். ஊரில் நடந்த ஒரு சின்னத் தடுமாற்றத்தைக்கூட விட்டுவைக்காதவர் நீங்கள். இப்படி ஒரு கதை கையில் இருந்தும் இருபது வருடம் வாயைத் திறக்கவில்லை. வீட்டைப் பிரித்து நடுவில் சுவர் எழுப்பிய வருடம் நமக்குள் ஆறு மாதம் பேச்சே இல்லை. தெருக்குழாயில் நாலு பேர் முன்னால் உங்களைச் சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இப்போது மேரியை எடுக்கப் போகிறீர்கள், இனி இந்தத் தெருவில் தலைநிமிர முடியாது என்று நின்றேன். "கொழுப்பெடுத்தவ" என்று திட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

உங்கள் கருமாதியன்று சாப்பாடு முடிந்து எல்லோரும் நீங்கள் அடித்த கூத்துகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் மெதுவாக உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அக்கா உங்ககிட்ட மேரி கதையச் சொல்லியிருக்காங்களா மாமா?"

"மேரி கதையா? அது இன்னாம்மா?"

அங்கேயே, எல்லோருக்கும் முன்னால், முதலிலிருந்து சொன்னேன். என் கணவர் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வீடே அதிர்ந்தது. உங்கள் வீட்டுக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "எங்கிட்ட கூட சொல்லலியேம்மா" என்றார்.

இப்போதெல்லாம் கேட்பவர்களுக்கு நானே சொல்கிறேன், அக்கா. எல்லோரும் சிரிக்கிறார்கள். நீங்கள் சொல்லியிருந்தால் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். உங்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய சிரிப்பு அதுதான். அதை எனக்காக விழுங்கிவிட்டீர்கள்.