கேட்காமல் எடுத்துக்கொள்ளும் மெஷின்

சந்நிதியிலிருந்து நேரா சாமிகிட்டயே போயிட்ட என் மகராசருக்கு,

உங்க பேத்தி விசாலம் மெட்ராஸ்ல கம்ப்யூட்டர்னு ஒரு மெஷின்கிட்ட வேலை பார்க்கிறா. நாலு பீரோவை ஒட்டி வெச்ச மாதிரி இருக்குமாம். ஓட்டை போட்ட அட்டையில எழுதிக் கொடுத்தா கணக்குப் போடும். ஊர்ல யாருக்கும் வாய்க்காத வேலை. எனக்குப் பெருமைதான். ஆனா அவ இப்ப பண்ணியிருக்கிறதுதான் மனசுக்கு ஒப்பலை.

மெஷினுக்கு ஒரு சின்ன வேலையைச் சொல்லிக் கொடுத்து, அதுக்கு ஒரு பேரும் வெச்சிடுவாங்களாம். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறப்ப இன்ன இன்ன எண்ணுன்னு கையில கொடுக்கணும். மெஷின் ஒவ்வொண்ணையும் எடுத்து, நீ யாரு, எந்த வகைன்னு ஒவ்வொரு தடவையும் விசாரிக்கும். மெஷின்கிட்ட பேசுறதுக்குன்னு ஒரு பாஷை இருக்காம், விசாலம் அதோட உள்பக்கத்தையே மாத்திட்டா. ஆரம்பத்துல ஒரு தடவை விசாரிச்சா சரி, அப்புறம் வந்ததை வந்த வரிசையில வாங்கிக்கும். வேலை ரொம்ப சீக்கிரம் முடியுதாம்.

சீக்கிரம்னாலே எனக்கு சந்தேகம். எதை விட்டாங்க?

செட்டியார் வீட்டுப் பொண்ணுக்கு நீங்க அர்ச்சனை பண்ணது ஞாபகம் இருக்கா? பௌர்ணமிக்குப் பௌர்ணமி வர்றவதானேன்னு பேர், நட்சத்திரம், கோத்திரம் எதையும் கேட்காம பழையபடியே சொல்லிட்டீங்க. அவளுக்குக் கல்யாணமாகி கோத்திரம் மாறியிருந்தது. “எங்க மருமகளை இன்னும் பொறந்த வீட்டுலயே வெச்சிருக்கீங்களா சாமி?”ன்னு மாமியார்காரி கேட்டா. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க.

லீவுக்கு வந்தவகிட்ட இதைச் சொன்னேன். “ஆள் மாறினா நிறுத்தி மறுபடி கேட்கும் பாட்டி. அதையும் எழுதியிருக்கேன்”னா.

“மாறினது அதுக்கு எப்படிடி தெரியும்?”

“எங்க ஆபீசரும் இதையேதான் கேட்டார். நீங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல பொறந்தீங்களா?”ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா, ஆனா அப்புறம் சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தா, வாயில வெக்கலை.

அந்த ஆபீசர் இப்ப பழைய வழியிலயும் புது வழியிலயும் கணக்கை ஓட்டி ஒத்துப் பார்க்கிறார். ஒரு விடை பிசகினாலும் அவ பண்ணதை எடுத்துப் போட்டுடுவாராம். உங்க பிள்ளை என்ன சொல்றான் தெரியுமா? “எடுத்துட்டா வேலையை விட்டுட்டு வந்துடட்டும். வேலூர்ல நல்ல வரன் வந்திருக்கு.” தினம் தபால் வந்துச்சான்னு கேட்கிறான். மகள் ஜெயிச்ச சேதிக்காகக் காத்திருக்கிற முகமா அது? எனக்கு அப்படித் தெரியலை.

மெஷினை நான் இன்னும் நம்பலை. நாளைக்கே தப்பு வரலாம். வந்தா அவளே உட்கார்ந்து திருத்தட்டும். தப்பு வர்ற வேலைன்னு ஆம்பளைங்க யாராவது வீட்டுக்கு வந்துடறாங்களா?

வேலூர்க்காரங்க ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வர்றதா இருந்தது. வர வேண்டாம்னு நானே ஆள் விட்டுச் சொல்லிட்டேன். உங்க பிள்ளைக்கு இன்னும் தெரியாது.

தெரிஞ்சா குதிப்பான். அப்ப “உங்கப்பா கனவுல வந்து சொன்னார்”னு உங்க தலையில போட மாட்டேன். நான்தான் சொன்னேன்னு நிப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

விசாலத்தோட பாட்டி,
உங்க வீட்டுக்காரி
மீனாட்சி