டச்சிங் செய்யாத படம்

கொல்லம் 1086, வைகாசி 3, செவ்வாய்
இடவப்பாதிப் பருவத்துக்கு முன்னமே மழை. பின்முற்றத்தில் படம் அச்சிட வைத்த பிரேம்களை எல்லாம் மறுபடி உள்ளே தூக்கி வந்தாயிற்று. வெயில் இல்லாமல் காகிதத்தில் படம் ஏறாது. சாலைக் கடைத்தெரு முழுக்கச் சேறு. தரித்திரம் பிடித்த நாள்.

மத்தியானம் நாகர்கோவில் தரகரின் கடிதம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், பெயர் ஜேக்கப். பெண்ணின் படம் வேண்டுமாம். மழை விட்ட அரைமணிக்குள் அப்பா என்னை கேமரா முன்னால் உட்கார வைத்துவிட்டார். "அசையாத. மூச்சப் பிடி." முப்பது வருஷம் முன்பு ஆரல்வாய்மொழி வழியாக கேமராவும் மாட்டுவண்டியுமாக இந்த ஊருக்கு வந்த நாள் முதல் எல்லோரிடமும் போடுகிற அதட்டல். மகளுக்கும் அதேதான்.

5, வியாழன்
கண்ணாடித் தகடு கழுவியாயிற்று. நன்றாக வந்திருக்கிறது. அதாவது, ஏழு வயதில் வைசூரி விட்டுப்போன வடு அத்தனையும் வந்திருக்கிறது.

அப்பா: "நீயே டச்சிங் பண்ணிரும்மா. ஒன் கை மாதிரி வராது."

தகட்டில் பென்சில் நுனியால் புள்ளி புள்ளியாக வைத்தால் படத்தில் வடு மறையும். ஐந்து வருஷமாக ஊரார் முகத்துக்கெல்லாம் செய்கிறேன். இன்றுகூட வக்கீல் வீட்டம்மா: "மோளே, கழுத்துச் சுருக்கம் கொறச்சு களையணும், கேட்டோ." களைந்தேன்.

என் இடது கன்னம் முடிந்தது. அழகாகத்தான் இருந்தது. யாரோ ஒருத்தி.

6, வெள்ளி
போன வருஷ மாப்பிள்ளை ஞாபகமாகவே இருக்கிறது. டச்சிங் செய்த படத்தைப் பார்த்து ஆசையாக வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று. அவர் அம்மா கேட்டது: "படத்துல இருந்த பொண்ணு எங்க?" இன்னொரு தடவை அதைக் கேட்க என்னால் ஆகாது. வேண்டாம் என்றால் கடிதத்திலேயே சொல்லட்டும்.

டர்பன்டைனில் பஞ்சை நனைத்துப் பென்சிலை எல்லாம் துடைத்தேன். நல்லவேளை, வெயில். ஒரு பிரதி. உறை ஒட்டும்போது அண்ணன் பார்த்துவிட்டான்.

"ஏ பிள்ள, அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும்."

தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் அவனே போய் அஞ்சலில் சேர்த்தான். நல்லவன்.

9, திங்கள்
வாங்க வேண்டியது: பஞ்சு, கறுப்புத் துணி, அம்மாவுக்குச் சுக்கு.

அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன்.

"நம்ம கடையிலேருந்து கொறையோட ஒரு படம் வெளிய போனதில்ல, தெரியுமா?"

"என் முகம் கொறையாப்பா?"

அப்பா இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிடவும் வரவில்லை. எனக்குக் கோபம். பாவமாகவும் இருந்தது.

14, சனி
கடிதம்! அடுத்த சனி வருகிறார்களாம். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அண்ணன்: "ஒருவேள சரியாப் பாக்கலியோ?" இவன் வாயில் வசம்பைத் தேய்க்க வேண்டும். அம்மா இன்றைக்கே முறுக்குக்கு அரிசி ஊறப்போட்டுவிட்டாள். அப்பா இன்னும் என்னிடம் பேசவில்லை.

21, சனி
வந்தார்கள். அவரும் அவர் அம்மாவும். மெலிந்த ஆள். சட்டைப் பித்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

நான் போய் நின்றதும் அப்பா எழுந்துவிட்டார். யாரும் வாய் திறக்கும் முன்பே: "ஒங்களுக்கு வந்த படம் டச்சிங் பண்ணாதது. எனக்குத் தெரியாம எம் மகளே அனுப்பிட்டா. நானா இருந்தா மறைச்சிருப்பேன்." அப்பா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவர் அம்மா நிதானமாகச் சொன்னார்: "நாலு வீட்டுப் படம் வந்துது. இந்தப் பிள்ள நம்மகிட்ட எதையும் மறைக்கலன்னு இவந்தான் சொன்னான். அதுக்காவத்தான் வந்தோம்."

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். காதெல்லாம் சிவப்பு.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஒனக்குச் சம்மதமாம்மா?"

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டேன்.