புதர் என்று நீ சொன்ன ஆள்

நீ வாங்கி வைத்திருந்த படத்தை என் அறைச் சுவரில் மாட்டி ஒன்பது நாளாகிறது. பின்பக்கத்து அட்டையிலிருந்து உன் ஜவ்வாது வாசம் இன்னும் போகவில்லை. காலையில் கண் விழித்ததும் நீ வந்து கால்மாட்டில் நிற்கிற மாதிரி இருக்கிறது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன்னைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அறுபது வருஷத்து ஆசை.

உயிரோடு இருந்தவரை உன்னை ஐயா என்றேன். இனி அது வராது. எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்கே தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "இதையும் எழுதணுமா மாமா?" என்று அதற்குள் கேட்டுவிட்டாள். எல்லாவற்றையும்தான்.

ஊரில் உன் பண்ணை வீட்டுப் படி ஏறாதவன் நான். இங்கே அமெரிக்காவில், இந்த ஃபிரிஸ்கோ ஊரில், உன் மகள் வீடும் என் மகன் வீடும் இரண்டு தெரு தள்ளி அமைந்துவிட்டதால் உன் சோபாவில் உட்கார்ந்தேன். நீ பொறுத்துக்கொண்டாய். எல்லோரும் வேலைக்குப் போன பிறகு தமிழில் பேச உனக்கு வேறு நாதி இல்லை.

ஒருநாள் வெள்ளை வேட்டியும் ஜவ்வாதுமாக எங்கள் வாசலில் வந்து நின்றாய். "பக்கத்து ஊரு பிளானோல எஸ்டேட் விக்கிறாங்களாம்டா. போர்டே வெச்சிருக்கான். வா, ஒரு நட பாத்துட்டு வருவோம்." கார் ஓட்டிய உன் மகள் வழியெல்லாம், "அப்பா, அது நீங்க நெனைக்கிற எஸ்டேட் இல்லப்பா" என்றாள். நீ காதில் வாங்கவில்லை. போய்ப் பார்த்தால், செத்துப்போன ஒரு கிழவியின் வீட்டில் கரண்டி, கம்பளி, நாற்காலி எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். இங்கே அதற்குப் பெயர்தான் எஸ்டேட் சேல். நீ பின்பக்கத்துப் புல்வெளி வரை போய், "நெலம் எங்கம்மா?" என்று கேட்டாய். வெறுங்கையோடு திரும்ப மானம் இடம் தரவில்லை. கூடத்தில் தொங்கிய இந்தப் படத்தை வாங்கிக்கொண்டாய். "எஸ்டேட் வாங்கியாச்சுடா!" என்று காரில் நீயே சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். நாம் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மேலே இடது பக்கம் தூண் வைத்த வெள்ளை மாளிகை. மாடியில் வரிசையாக ஜன்னல்கள். வெள்ளைப் பட்டை மரங்கள், விளைந்த வயல், கீழே கரை தளும்பும் குளம். சட்டத்தில் அடித்திருந்த பித்தளைத் தகட்டை, வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுவாய். "ருஷ்யாவுல ஒரு பிரபுவோட கிராமத்து மாளிகை. அச்சு அசல் நம்ம பண்ணை வீடு."

தகட்டை நான் எங்கே வாசிக்க? படத்தைத்தான் பார்த்தேன். வலது மூலையில், குளக்கரையில், கட்டைவிரல் நகமளவு ஒரு ஆள். தொப்பியைக் கழற்றி வயிற்றோடு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாடி ஜன்னலைப் பார்த்துக் குனிந்து நிற்கிறான்.

"ஐயா, இங்க ஒரு ஆளு நிக்கிறான்."

நீ கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. "அது புதர்டா. படிக்காதவன் கண்ணுக்கு புதர்கூட ஆளாத்தான் தெரியும்." காப்பிக்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

புதர் தொப்பியைக் கழற்றாது. எனக்கு அந்த நிற்பு தெரியும். உன் வீட்டு மாடி ஜன்னல் திறந்தால், எங்கள் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கிவிட வேண்டும். அன்றைக்கு அறுப்பு. அப்பா கட்டு இறக்கிவிட்டு, முகத்தைத் துடைத்த துண்டை மறதியாகத் தோளில் போட்டுவிட்டார். உனக்கு அப்போது இருபது வயது, எனக்கும் அதேதான். "எவன்டா அது, தோள்ல துண்டு?" என்று மேலேயிருந்து கத்தினாய். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். "நான் சொல்ற வரைக்கும் அப்படியே நில்லு" என்றாய். பிறகு சாப்பிட்டாய். தூங்கினாய். மாடு திரும்புகிற நேரம் வரை வாய்க்கால் கரையில் அப்பா அப்படியே நின்றார். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். "ஐயா இன்னும் சொல்லலடா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் துண்டே போடவில்லை. வேர்வையைக் கையால் வழித்துப் போட்டார், சாகிற வரைக்கும்.

உன் சோபாவில் வைத்து உன்னைக் கேட்டேன். "எங்கப்பா வாய்க்கால் கரையில நின்னது ஞாபகம் இருக்காய்யா?"

"எத்தனையோ பேரு நின்னானுங்க. எவன ஞாபகம் வெச்சுக்கறது?"

அப்புறம் வருகிறபோதெல்லாம் கேட்டேன். குளிரில் ஜாக்கெட்டுக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு வந்து கேட்டேன். "அமெரிக்கா வந்ததும் துண்டு மேல ஏறிடுச்சு" என்று நக்கலடித்தாயே தவிர, ஆமாம் என்ற ஒரு சொல் உன் வாயிலிருந்து வரவில்லை. ஒரு மத்தியானத் தூக்கத்திலேயே போய்விட்டாய். சேதி வந்தபோது அழுதேன். உனக்காக இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தப்பித்துவிட்டாயே என்று.

பதினாறாம் நாள். உன் போட்டோவுக்குப் பக்கத்தில், உனக்குப் பிடித்ததென்று இந்தப் படத்தையும் வைத்திருந்தார்கள். "அங்கிள், அப்பாவ சின்ன வயசுலேர்ந்து தெரிஞ்சவங்க நீங்க மட்டும்தான். ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்றாள் உன் மகள். எழுந்து போய் அந்த மூலையில் விரலை வைத்தேன். "இது புதர் இல்ல. இதே மாதிரி நின்னவரு பேரு மாரிமுத்து. எங்கப்பா" என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னேன். முன்வரிசையிலிருந்து ஒருத்தர் எழுந்து கிட்ட வந்து பார்த்தார். "ஆமா, ஆளுதான். கையில தொப்பி" என்றார். கூட்டம் மொத்தமும் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனது. உன் போட்டோவை ஒருத்தரும் பார்க்கவில்லை.

"செத்தவங்களப் பத்தி இப்படியாப்பா பேசறது?" என்று என் மகன் காரில் குதித்தான். "இருந்தப்பவும் அதையேதான்டா கேட்டேன். காதுல விழலயே" என்றேன்.

மறுவாரம் உன் மகளே படத்தைக் கொண்டுவந்தாள். "எனக்கு இதுல இப்ப வீடே தெரியல அங்கிள். அவர் மட்டும்தான் தெரியறார். எஸ்டேட் சேல்ல போடவும் மனசு வரல. நீங்களே வெச்சுக்குங்க." அவள் கண் கலங்கியதில் எனக்கு வருத்தம் உண்டு. நீ "எவன்" என்றாய், உன் மகள் "அவர்" என்றாள். அந்தச் சொல்லை உன் வீட்டிலிருந்து வாங்கிவிட்டேன்.

குளித்துவிட்டு வந்ததும் என் துண்டைச் சட்டத்தின் இடது மூலையில் போடுகிறேன். மாளிகை, தூண், மாடி ஜன்னல் எல்லாம் மறைந்துவிடும். வயலும் குளமும் அவரும் மட்டும் மிச்சம். "ஈரத்துண்ட படத்து மேல போட்டா கெட்டுடும் மாமா" என்கிறாள் மருமகள். கெடட்டும்.

"ஐயா போயாச்சுப்பா. நிமிரு" என்று தினமும் சொல்லிப் பார்க்கிறேன். அவர் நிமிரவில்லை. அதனால் கால்மாட்டில் நிற்கிற உன்னை நானும் இன்னும் போக விடவில்லை.