முகவாய்க்குக் கீழே

மார்ச் 2, திங்கள்

எடை 67.4. காலை ஆறு மணி, வெறும் வயிறு. பதினான்கு மாதங்களுக்கு முன் இதே மேடையில் நின்றபோது 94. மருத்துவர் சொன்ன இலக்கைத் தொட்டு மூன்று வாரமாகிறது. சர்க்கரை இறங்கிவிட்டது. முழங்கால் மாடிப்படியைக் கண்டு பயப்படுவதில்லை. நான் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும்.

உடம்பு இளைத்த செய்தி தோலுக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை. கன்னத்திலும் கழுத்திலும், பழைய ஆசாமி எப்போது வேண்டுமானாலும் திரும்பி வருவான் என்பதுபோல், துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறது.

இன்று கண் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி. என் மனைவிக்கு அறுவை சிகிச்சை ஏப்ரல் 16. வலது கண் முதலில். மறுநாள் கட்டு அவிழ்ப்பார்கள்.

"கட்டு அவுத்ததும் முதல் வேலை உங்க மூஞ்சியைப் பாக்கறதுதான். ரெண்டு வருஷமாச்சு," என்றாள்.

நான் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 4, புதன்

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பயத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். ஆள் வருவது தெரியும், யார் என்பது குரல் கேட்டால்தான் தெரியும். நான் இளைத்தது முழுவதும் அந்த இரண்டு வருடத்துக்குள். ஆகவே என் மனைவி இந்த முகத்தை இதுவரை பார்த்ததே இல்லை. இதை இன்றுதான் ஒரு வாக்கியமாக எழுதிப் பார்க்கிறேன்.

பேருந்து நிறுத்தத்தில் எங்கள் அலுவலகத்தின் பழைய தலைமை எழுத்தர் என்னைக் கடந்து போனார், நின்றார், திரும்பி வந்தார்.

"சார்... நீங்கதானா? உடம்புக்கு என்ன சார்?"

"ஒண்ணுமில்லை. நானாத்தான் குறைச்சேன்."

"எங்கிட்ட என்ன சார் மறைக்கறீங்க?"

நான் மறுக்க மறுக்க அவர் முகம் வாடிக்கொண்டே போனது. கடைசியில் என் கையைப் பிடித்து, "தைரியமா இருங்க சார்," என்றார். நான் "சரி" என்றேன். ஏன் சரி என்றேன்? அப்படியொரு வியாதி இருப்பதாக ஒப்புக்கொண்டது போல ஆகாதா? அதற்குள் பேருந்து வந்துவிட்டது.

முப்பத்தோரு வருடம் எடை அளவை ஆய்வாளராக இருந்தேன். கடைத்தெருவில் எனக்கு 'எடைக்கல்' என்று பெயர். "எடைக்கல் வருது, தராசைத் துடை" என்பார்கள். காதில் விழாதது போல நடப்பேன். உண்மையில் அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 5, வியாழன்

நான் அழகைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்று இதை யாராவது படித்தால் நினைப்பார்கள். அப்படி இல்லை. இந்த வயதில் அழகு எங்கே வந்தது?

நோயில் விழுந்து இறந்துபோன தன் அக்காவைப் பதினோரு மாதம் அவள்தான் பார்த்துக்கொண்டாள். முதலில் கன்னம் ஒட்டியது, பிறகு கழுத்துத் தோல் தளர்ந்தது. மருத்துவர் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். "கழுத்துதான் முதல்ல சொல்லுச்சு," என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்! கண் மங்கும்வரை, தெருவில் மெலிந்த முகத்தைப் பார்த்தால் அன்று முழுக்கப் பேசமாட்டாள்.

கட்டை அவிழ்த்ததும் அவள் முதலில் பார்க்கப்போவது அப்படி ஒரு கழுத்தை. நான் இத்தனை நாள் எதையோ மறைத்தேன் என்றுதான் நினைப்பாள். தலைமை எழுத்தரையே என்னால் நம்பவைக்க முடியவில்லை. அவளை எப்படி?

இன்னும் நாற்பத்து மூன்று நாள். இந்தத் தோலை ஏதாவது செய்தாக வேண்டும்.

மார்ச் 7, சனி

ஏற்பாடு: காலை, மாலை முகத்துக்கும் கழுத்துக்கும் கிரீம். பத்து நிமிடம் கழுத்துப் பயிற்சி — கூரையைப் பார்த்து ஆ, ஈ, ஊ. பிறகு அளவு.

பழைய பெட்டியிலிருந்து என் வெர்னியர் அளவியை எடுத்தேன். எண்ணெய் போட்டதும் புதிது போல ஓடுகிறது. முகவாய்க்குக் கீழே தொங்கும் தோலை விரலால் பிடித்து, முழுதாக இழுத்து, அது வரும் நீளத்தை அளப்பது. மூன்று முறை அளந்து சராசரி. மாலையிலும் அப்படியே. இன்றைய சராசரி 31.2 மில்லிமீட்டர். எண் என்று ஒன்று வந்ததும் மனம் கொஞ்சம் அடங்கியது.

பயிற்சியின் நடுவே உள்ளேயிருந்து குரல்: "என்னங்க, எலி வந்துடுச்சா? ஏன் 'ஈ, ஊ'ன்னு கத்தறீங்க?"

"தொண்டை சரியில்லை."

"சரியில்லைன்னா வெந்நீர் குடிங்க. பக்கத்து வீட்டுக்காரங்களைப் பயமுறுத்தாதீங்க."

மார்ச் 15, ஞாயிறு

31.4. கூடியிருக்கிறது. பிழை கருவியிலா, என்னிடமா?

மார்ச் 22, ஞாயிறு

31.9. முகவாய்க்குக் கீழே மடிப்பில் சிவப்பாக ஒரு கோடு. வியர்வை பட்டால் எரிகிறது. பயிற்சியைப் பதினைந்து நிமிடமாக்கினேன்.

மார்ச் 24, செவ்வாய்

மகள் வீடியோவில் அழைத்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணை வேறெங்கோ திருப்பினாள். அதை நான் கவனித்தேன் என்பதை அவளும் கவனித்தாள்.

"அப்பா, போனைக் கொஞ்சம் தள்ளி வைங்க. மூக்குத் துவாரம் மட்டும்தான் தெரியுது." பிறகு குரலைத் தாழ்த்தி: "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா? முகம் இப்படி ஆயிருக்குன்னு?"

"இல்லை."

"சொல்லிடுங்கப்பா. கட்டு அவுக்கற அன்னைக்குப் போய் அம்மாவைத் திடுக்கிட வைக்காதீங்க. அது என்ன கழுத்துல செவப்பா?"

தோல் மருத்துவரிடம் போகாவிட்டால் தானே கிளம்பி வருவதாகச் சொன்னாள். போகிறேன் என்றேன். அம்மாவிடம் சொல்வதற்கு மட்டும் தேதி கொடுக்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

தோல் மருத்துவர் சின்ன வயதுப் பெண். என் கழுத்தை விளக்கு வைத்துப் பார்த்தார்.

"இந்த இடத்துல என்ன பண்றீங்க தாத்தா?"

நோட்டைக் கொடுத்தேன். இருபது நாள், நாளுக்கு ஆறு அளவு, சராசரி தனிப் பத்தியில். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மெச்சுகிறார் என்று நினைத்தேன்.

"இதெல்லாம் தோலை இழுத்து எடுத்த அளவா?"

"ஆமாம். ஒரே விசையில் இழுப்பேன்."

"ஒரு நாளைக்கு ஆறு தடவை இழுத்துட்டு, ஏன் எரியுதுன்னு எங்கிட்ட கேக்கறீங்களே!" சிரிப்பை அடக்க அவர் எவ்வளவோ முயன்றார். செவிலியர் அடக்கவில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அலுவலகத்தில் பித்தளைப் படிக்கற்கள் ஒரு பெட்டியில் இருக்கும். மற்ற எல்லா எடைக்கற்களையும் அவற்றோடுதான் ஒப்பிட வேண்டும். அவற்றை விரலால் தொடக் கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். தொடத் தொடத் தேயும், வியர்வை படிந்து எடை மாறும். புதிதாகச் சேர்ந்தவர்களை இதற்காக எத்தனை முறை கடிந்திருப்பேன்! அதே ஆள் தன் கழுத்தை மட்டும் இருபது நாள் வெறும் விரலால் பிடித்து இழுத்திருக்கிறான்.

பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார். எந்தக் கிரீமும் தோலைப் பழையபடி இழுத்துக் கட்டிவிடாது. வறட்சி போகும், சுருக்கம் கொஞ்சம் மென்மையாகும், அவ்வளவுதான். எடை கூடிக் குறையாமல் நிலையாக இருந்தால் சில மாதத்தில் ஓரளவு படியும். இந்த வயதில் முழுக்கப் படியாது. அறுவை சிகிச்சை உண்டு, ஆனால் உடம்புக்கு அவசியம் என்று எதுவும் இல்லை.

"உங்க தோலுக்கு வியாதி ஒண்ணும் இல்லை தாத்தா. அதை நிம்மதியா விடுங்க."

"மூன்று வாரத்தில் படியுமா? ஏப்ரல் பதினேழுக்குள்?"

"அன்னைக்கு என்ன?"

சொன்னேன். எப்படிச் சொன்னேனோ தெரியவில்லை, அக்காவின் கதை வரை சொல்லிவிட்டேன். அவர் இம்முறை சிரிக்கவில்லை. "அதுக்கு மருந்து எங்கிட்ட இல்லை. அவங்ககிட்ட பேசுங்க," என்றார்.

ஏப்ரல் 3, வெள்ளி

புதிய ஏற்பாடு எளிது. வெதுவெதுப்பான நீரில் கழுவுவது. மடிப்பைத் தேய்க்காமல் ஒற்றி உலர்த்துவது. ஈரம் தங்கவே கூடாது. கிரீம் பூசும்போது அழுத்தமில்லாமல். வெளியே போனால் கழுத்துப்பட்டை வரை வெயிலுக்கான கிரீம். தினமும் முட்டை அல்லது பயறு. இனி எடையைக் குறைக்க வேண்டாம். அளக்க வேண்டாம்.

கடைசி வரிதான் கடினம். கை தானாகப் பெட்டிப் பக்கம் போகிறது. இன்று அளவியை அவளிடமே கொடுத்து, எங்காவது வைத்துவிடு என்றேன். தடவிப் பார்த்து என்னவென்று தெரிந்துகொண்டு, புடவைகளுக்கு அடியில் வைத்தாள். காரணம் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"ஒரு மாசமா உங்க மேல புதுசா ஒரு வாசனை. யாருக்காக இந்தச் சோக்கு?"

"தோல் வறண்டிருக்கு."

"ம். எழுபத்தோரு வயசுல வறண்டுதா. நல்லது."

உனக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். கிரீம் டப்பாவை மூடி அலமாரியில் வைத்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

சிவப்பு மறைந்துவிட்டது. எரிச்சல் இல்லை. தோல் மென்மையாக இருக்கிறது. தொங்குவது அப்படியேதான் இருக்கிறது.

ஏப்ரல் 15, புதன்

மாலையில் அவளோடு உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் நான்கு வரியாக எழுதிப் பையில் வைத்திருந்தேன்.

"நான் ரொம்ப மெலிஞ்சுட்டேன், தெரியுமா?"

"தெரியாம என்ன? அந்த நாற்காலி முனகறதை நிறுத்தி ஆறு மாசமாச்சு."

"முகமும்..."

"கண்ணுல ஊசி போடுவாங்களா? வலிக்குமா? அதைச் சொல்லுங்க முதல்ல."

அவள் கை சில்லென்று இருந்தது. அவளுடைய பயத்தின் முன் என் நான்கு வரியை எப்படி எடுப்பது? மருந்து சொட்டு விடுவார்கள், வலிக்காது என்றேன். தாள் பையிலேயே இருந்துவிட்டது. கோழை.

ஏப்ரல் 16, வியாழன்

பன்னிரண்டே நிமிடம். நல்லபடியாக முடிந்தது. நாளை பத்து மணிக்குக் கட்டு அவிழ்ப்பார்கள்.

ஏப்ரல் 17, வெள்ளி

நடந்ததை முறையாக எழுதுகிறேன்.

காலையில் இரண்டு முறை சவரம் செய்தேன். கழுத்துப் பொத்தான் வரை போட்டேன். என் ரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி ஓர் உறையில் எடுத்துக்கொண்டேன். அவள் பயந்தால் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டலாம்.

செவிலியர் கட்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அவள் சுவரைப் பார்த்தாள். நாட்காட்டியில் இருந்த தேதியை உரக்கப் படித்தாள். செவிலியரைப் பார்த்து, "தோடு நல்லாருக்கும்மா," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தால் மடிப்பு அதிகமாகும் என்று நினைவு வந்து நிமிர்ந்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லை. எல்லா ரிப்போர்ட்டும் கொண்டு வந்திருக்கேன், ஜனவரியிலேர்ந்து—"

"கொஞ்சம் வாயை மூடுங்க. முகத்தைத் தூக்குங்க."

தூக்கினேன். அவள் எழுந்து கிட்டே வந்தாள். முகவாய்க்குக் கீழே மடிப்பை ஒரு விரலால் மெல்ல விலக்கினாள்.

"இது என்னங்க இங்க? இத்தனை நீளத்துக்கு? எத்தனை நாளா இப்படியே தெருவுல போறீங்க?"

வெள்ளை முடி. மடிப்புக்குள் கத்தி போகவே இல்லை. முழு விரற்கடை வளர்ந்திருக்கிறது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளந்த இடம் அது! தோல் மருத்துவர் கண்டிப்பாகப் பார்த்திருப்பார், மரியாதைக்குச் சொல்லவில்லை போலும்.

செவிலியர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அவள் சிரித்தாள். இரண்டு வருடத்தில் அப்படிச் சிரித்ததில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. உறையைப் பிரிக்கவேயில்லை.

வண்டியில் வரும்போது கேட்டேன்: "பயமா இல்லையா உனக்கு? அக்கா மாதிரி..."

அவள் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "அக்காவுக்குக் கடைசியில சாப்பாட்டு வாசனையே ஆகாது. நீங்க முந்தாநேத்து எனக்குத் தெரியாதுன்னு என் தட்டுலேர்ந்து முட்டையை எடுத்தீங்க. கண்ணுதானே தெரியல எனக்கு? மெல்லற சத்தம் கேக்காதா?"

வண்டி எங்கள் தெருவில் திரும்பியதும்: "தினம் நீங்க குளிக்கப் போனதும் அந்த எடை மெஷின் 'டிக்'குனு ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டுட்டுத்தான் நான் எந்திரிப்பேன். நோயாளி எவனும் இவ்வளவு ஒழுங்கா இளைக்கமாட்டான்."

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கண்ணாடி முன் நெடுநேரம் நின்றாள். "என் மூஞ்சி இப்படி ஆனதை நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று கத்தினாள்.

நான் கவனித்ததே இல்லை என்று சொன்னேன். அது உண்மை.

மே 4, திங்கள்

எடை 67.6.

இடது கண்ணும் போன வாரம் முடிந்தது. காலையில் இப்போது சவரம் ஜன்னலோரம். இரண்டு விரலால் என் கன்னத்துத் தோலைக் காதுப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் மெல்ல வழிக்கிறேன்.

"இழுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்," என்றேன்.

"இது நாளைக்கு ஒரு தடவை. நீங்க ஆறு தடவை இழுத்தீங்களாம், பொண்ணுகிட்ட ஒப்புக்கிட்டீங்களாமே. பேசாதீங்க, வெட்டிக்கும்."

முடிந்ததும் ஒற்றித் துடைத்துவிட்டுக் கட்டைவிரலால் முகவாய்க்குக் கீழே ஒருமுறை தடவிப் பார்க்கிறாள். "சரி, போங்க." அப்புறம்தான் எனக்கு விடுதலை.

மாலை அவளோடு வெளியே போனபோது பேருந்து நிறுத்தத்தில் தலைமை எழுத்தர். என்னைப் பார்த்ததும் பழையபடி முகம் வாடியது. நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்: "இவருக்கு ஒண்ணுமில்லைங்க. தின்னறதைக் குறைச்சாரு, தோலு மட்டும் மிச்சம். உங்களுக்குத்தான் சார் இந்தப் பக்கத்து மீசை கொஞ்சம் கூடுதலா இருக்கு."

அவர் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பேருந்தில் ஏறினார்.

அளவி புடவைகளுக்கு அடியிலேயே இருக்கிறது. எங்கே என்று தெரியும். எடுக்கவில்லை.