இறுதி ஆட்டத்துக்கு வர வேண்டாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

பட்டறையில் தனியாக இருக்கும்போது இதைப் படியுங்கள்.

நீங்கள் பற்றவைத்துச் சுவரில் மாட்டிக் கொடுத்த இரும்பு வளையத்தில் பந்து போட்டுப் பழகியவள், கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கே கேப்டனானேன். நேற்று அரையிறுதியில் ஜெயித்தோம். கடைசிப் பந்தைப் போட்டுவிட்டுத் தரையில் இறங்கும்போது முழங்கால் மடங்கிவிட்டது.

"ஜவ்வு முழுசா கிழிஞ்சிருச்சும்மா. ஆபரேஷன் பண்ணினா நடக்கலாம். விளையாட்டை மறந்துடு," என்றார் டாக்டர். பயிற்சியாளர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சாயங்காலமே என் இடத்துக்கு வேறொருத்தியைப் போட்டுவிட்டார். நன்றாகத்தான் ஆடுகிறாள்.

விளையாட்டுக்காகக் கொடுத்த விடுதி அறையைக் காலி செய்யச் சொல்லி இன்னும் யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள்.

இறுதி ஆட்டத்துக்கு நீங்கள் வர வேண்டாம். அம்மாவிடம் சுளுக்கு என்றுதான் சொன்னேன். "எண்ணெய் தேய்ச்சு நீவிவிட்டா சரியாயிடும்டி," என்றாள். நானும் சரி என்றேன். நீங்களும் அப்படியே சொல்லிவையுங்கள்.

உங்கள் மகள்