உனக்காக நான் சொன்ன ஹாடிர்

உன் மகன் இன்று காலை ரவாங்கிலிருந்து வந்து, உன் பச்சை இரும்புப் பெட்டியை என் வாசலில் இறக்கினான். "பட்டாளத்துச் சாமான், மாமா. நீங்கதான அப்பாவோட ஒண்ணா இருந்தீங்க. வச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். திறந்தேன். சீருடைக்கு அடியில் பதினொரு மருந்துப் புட்டிகள். ஒன்றின் மூடியைக்கூட நீ திருகவில்லை. சார்ஜன் சோதனைக்கு வரப்போகிறார் என்பதுபோல, லேபிள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க, நூல் பிடித்த மாதிரி அடுக்கி வைத்திருந்தாய்.

படுபாவி! செத்த பிறகும் என்னை முட்டாளாக்குகிறாய். அந்தப் புட்டிகளை மாதாமாதம் கோலா சிலாங்கூர் மருத்துவமனைக்குப் போய் வாங்கிவந்து உன் கையில் கொடுத்தவன் நான். இது அஞ்சலிக் கடிதம் என்று நினைத்துவிடாதே. உன்னைத் திட்ட எனக்கு இப்போது வேறு வழியில்லை.

எச்.ஐ.வி. என்று டாக்டர் சொன்ன அன்று நீ கலங்கவில்லை. "எதிரி யாருன்னு தெரிஞ்சுபோச்சுடா. இனி சண்ட போடலாம்," என்றாய். சொன்னபடியே இரண்டு வருடம் மாத்திரை தவறவில்லை. உடம்பும் தேறியது. பிறகு மருந்து வரிசையில் உன்னை நம் தோட்டத்து ஆள் ஒருவன் பார்த்துத் தொலைத்தான்; பேச்சு ஊரெல்லாம் பரவியது.

அடுத்த மாதம் கோவில் திருவிழா. அன்னதானச் சாம்பார் என்றால் எப்போதும் உன் கைதான். அண்டாவைக் கிண்டிக்கொண்டிருந்த உன்னிடம் கோவில் செயலாளர் வந்தான். "அண்ணே, இந்த வருஷம் நீங்க ஒக்காருங்க லா. பொம்பளைங்க பாத்துக்குவாங்க," என்று சொல்லி, உன் கையிலிருந்த கரண்டியைத் துணி போட்டுப் பிடித்து வாங்கினான். துணி போட்டு! நான் நான்கடி தள்ளிக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்துபோய் அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். நறுக்கிக்கொண்டே இருந்தேன். உன் சாவுக்கு ஆகப் பெரிய மாலை கொண்டுவந்தவனும் அவன்தான்.

"இனி அந்த வரிசையில நிக்க மாட்டேன்," என்றாய் மறுநாள்.

"நிக்க வேணாம்டா. ஆஸ்பத்திரி கார்டக் குடு, மருந்த நான் வாங்கியாறேன்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பேச்சு! பழக்கதோஷம். பயிற்சி முகாமில் நீ வேலி தாண்டிப் படம் பார்க்கப் போகும்போதெல்லாம், காலையில் பெயர் கூப்பிட்டால் உன் குரலில் "ஹாடிர், சார்ஜன்!" என்று கத்தியவன் நான். வந்திருக்கிறேன் என்பதற்குப் பட்டாளத்தில் அந்த ஒரு மலாய்ச் சொல் போதும். ஒருமுறைகூட நாம் பிடிபட்டதில்லை. நட்பு என்றால் இதுதான் என்று இரண்டு பேருமே நம்பினோம்.

மருத்துவமனைக்கு நீ கொடுத்திருந்தது என் கைப்பேசி எண். இரத்தப் பரிசோதனைக்கு நீ இரண்டு தடவை போகாதபோது அங்கிருந்த நர்ஸ் பெண் ஒருத்தி என்னைத்தான் அழைத்தாள்.

"அங்கிள், அவர் எங்க? நான் வேணா வீட்டுக்கு வந்து பாக்கவா?"

"வேணாம் லா, மிஸ்ஸி. நல்லாத்தான் இருக்கார். மருந்தெல்லாம் ஒழுங்கா போடுறார். அடுத்த மாசம் நானே கூட்டிட்டு வர்றேன்."

உன் இடுப்பு வாரில் புதிதாக இரண்டு துளை விழுந்திருந்ததைப் பார்த்தவன்தான் இப்படிச் சொன்னேன். "போடுறியாடா?" என்று கேட்பேன். "போடுறேன்டா," என்பாய். எனக்கும் அது வசதியாக இருந்தது, அதற்குமேல் கேட்கவில்லை. உன்னைத் தேடி வர ஒரே ஒருத்தி இருந்தாள். அவளைப் போனிலேயே மறித்து வரவிடாமல் செய்தது நான். உன்மேல் இருக்கும் கோபத்தைவிட என்மேல் இருக்கும் கோபம் பெரிது.

பட்டாளத்தில் நம்மோடு இருந்தவன் ஒருவன் இப்போது பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில் இருக்கிறான். உன் கதை காதில் விழுந்து போன வாரம் என்னைத் தேடி வந்தான். அவனுக்கும் அதே நோய். மூன்று மாதமாக மருத்துவமனைப் பக்கம் போகவில்லையாம். "கார்டத் தர்றேன்டா, மருந்து மட்டும் வாங்கியா," என்றான். "மூஞ்சியப் பேத்துருவேன். நீயே வாடா," என்றேன்.

இன்று மதியம், உன் பெட்டியைப் பார்த்த கையோடு, அவனைக் கூட்டிப்போனேன். இரத்தம் எடுக்கும் அறை வாசலில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழவில்லை. என் முகத்தைப் பார்த்தான். என் வாய் தானாகத் திறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் தடவை அவனே எழுந்து, என்னை முறைத்துக்கொண்டே உள்ளே போனான். முறைக்கட்டும்.

உன் பெயரை இனி அங்கே யாரும் கூப்பிடப் போவதில்லை. ஆனாலும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபடி, உனக்கான பதிலை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். வரல, மிஸ்ஸி. மருந்தும் போடல. வீட்லதான் கெடக்கான். ஓடிப்போய்ப் பாருங்க.