நுளைத்துறைச் சாவடியில் கருவிப் பலகைகள் மறைந்தது குறித்து

ஏழு ஆறுகளையும் அவை சேரும் கடலையும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் கோவேந்தர் செழுங்கோப் பெருமானின் வாய்மொழி கேட்டு எழுதும் ஓலைநாயகம் பூதனார், நுளைத்துறை ஆளுநரும் கரைநாட்டுக் காவலருமான சேந்தனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் வலைகள் கனக்கட்டும்; தங்கள் கலங்கரை விளக்கு அணையாதிருக்கட்டும்; இவ்வோலை கொண்டுவரும் செய்தியைத் தாங்கும் திடம் தங்களுக்கு வாய்க்கட்டும்.

மறைந்த தாயரசியாரின் அஸ்தியோடு மலைநாட்டுச் சுனைக்குச் சென்றிருந்த தாங்கள், திரும்பும் வழியில் அரைகுறையாகச் செய்தி கேட்டு, சித்திரச் சாவடித் தலைவர் பெருங்காரியின் தலையைக் கொய்ய ஆணை வேண்டி அரசருக்கு எழுதியிருந்தீர்கள். அரசர் என்னை நுளைத்துறைக்கு அனுப்பி விசாரிக்கச் சொன்னார். விசாரித்தேன். சாட்சிகள் சொன்னதை அவரவர் பேச்சிலேயே கீழே பதிந்திருக்கிறேன். அவற்றை அரசவை நடைக்கு மாற்ற எனக்குக் கை வரவில்லை.

ஐப்பசி ஏழாம் நாள் முகத்துவாரத்தில் துறைத்தோணி கவிழ்ந்ததைத் தாங்கள் அறிவீர்கள். ஐம்பத்தெட்டு உடல்கள் சேற்றோடு கரை ஒதுங்கின. வழக்கப்படி மறுநாளே ஒவ்வொரு முகமும் படம் பிடிக்கப்பட்டுச் சாவடிக் கணினிக்குச் சென்றது. அங்குள்ள படம் திருத்தும் மென்பொருளில் சேற்றையும் வீக்கத்தையும் நீக்கி, உயிரோடிருந்த முகத்தை மீட்டுத் துறைச் சுவரில் தொங்கவிட்டால் உறவினர் வந்து பெயர் சொல்வார்கள். பெயர் சொல்லப்பட்ட உடல் அவர்கள் கைக்குப் போகும். இறந்த நாளிலிருந்து எண்ணி ஒன்பதாம் நாள் மாலைக்குள் பெயர் கிடைக்காத உடல்கள், நோய் பரவாதிருக்கும் பொருட்டுப் பொதுக்குழியில் இடப்படும். இதுவே நம் சட்டம்.

ஒன்பதாம் தேதி காலை தாயரசியார் மறைந்த பறை நுளைத்துறையில் கேட்டது. அரச குடும்பத்துச் சாவுக்குத் தொழிலாளர் யாவரும் பதினோரு நாள் கருவிகளைக் கண்ணில் படாமல் எடுத்து வைப்பது நம் மரபு. தச்சர் உளியைப் பெட்டியில் இட்டார். நாவிதர் கத்தியைத் துணியில் சுற்றினார். பெருங்காரியும் மரபுப்படி தம் மேசையில் நெற்றி பதித்து வணங்கினார். அவர் தலை நிமிர்ந்தபோது, திரையின் இருபுறமும் எப்போதும் இருக்கும் கருவிப் பலகைகளைக் காணவில்லை. தூரிகைகள் இல்லை, அழிப்பான் இல்லை, வண்ணங்கள் இல்லை. சேறு படிந்த முகம் ஒன்று மட்டும் திரை முழுதும் நிறைந்திருந்தது. கணினியும் தாயரசியாருக்காகக் கருவிகளை எடுத்து வைத்துவிட்டது என்று பெருங்காரி அழுதார். அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே நம்பினார்.

அச்சாவடியின் இரண்டாம் பணியாளர் நல்லினி, நடந்ததை என்னிடம் இவ்வாறு சொன்னார்: "ஐயா, துக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல, உங்க நெத்தி விசைப்பலகையில டேப் விசையில பட்டிருக்குன்னு சொன்னேன். சொன்னா எங்க கேக்குறாரு, அழுதுகிட்டே இருக்காரு. நானே எட்டி அழுத்தினேன். எல்லாப் பலகையும் வந்துடுச்சு. மனுசன் என்னைப் பேயைப் பாக்கிற மாதிரி பாத்தாரு. துக்கத்துல இருக்கிறதுகிட்ட கருவியைத் திணிக்கிறியா, நீயெல்லாம் ஒரு பொம்பளையான்னாரு. அவரே மறுபடி அழுத்தி மறைச்சாரு. அப்புறம் கொட்டடிதான்."

இதைப் பெருங்காரி மறுக்கவில்லை. துக்கத்தை அவமதித்த குற்றத்திற்காக நல்லினி அன்றே சிறைக்கொட்டடியில் அடைக்கப்பட்டார். பிணம் சுமப்போருக்கும் குழி வெட்டுவோருக்கும் கருவித் தடை இல்லை என்பதும், சாவடி அந்நாட்களில் செய்தது அவர்களுக்கு நிகரான வேலை என்பதும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை. பெருங்காரியின் அறிக்கை தலைநகருக்கு வந்தபோது நாங்கள் நெகிழ்ந்தோம். உயிரற்றதும் துயருறும் நாடு இது என்று ஒரு பாராட்டு ஓலை எழுதினேன். அதை எழுதிய கை என்னுடையது. அவ்வோலை படிக்கப்பட்டபின் சாவடி வாசலில் விளக்கோடு வரிசை நின்றது. துக்கம் காக்கும் கணினியைக் காண அயலூரிலிருந்தும் வந்தார்கள்.

திருத்தப்படாத படங்கள் திருத்தப்படாமலே துறைச் சுவரில் தொங்கின. மோதிரத்தாலும் பச்சைக்குத்தாலும் பதினேழு உடல்களுக்குப் பெயர் கிடைத்தது. நாற்பத்தொன்று பெயரின்றி நின்றுபோயின. வலை பின்னும் வேம்பி என்பவரின் கணவர் குமரன் அத்தோணியில் சென்றவர். வேம்பியின் சாட்சி வருமாறு: "ஒவ்வொரு படத்துக்கும் முன்னாடி நின்னேன். எல்லாம் சேறு. சேத்துக்கு நான் என்ன பேரு சொல்ல? உடம்பைக் காட்டுங்கன்னேன். ஊதிப்போச்சு, பாக்க விடமாட்டோம்னாங்க. சாவடிப் பெரியவர்கிட்ட போனேன். கணினிக்குத் துக்கம் கொண்டாடப் பதினோரு நாள் இருக்கு சாமி, எனக்கு ஒம்போது நாள்தான் இருக்குன்னேன். அந்த அம்மா உனக்கும் அரசிதானேன்னு கேட்டாரு."

பதினைந்தாம் தேதி மாலை நாற்பத்தொரு உடல்களும் பொதுக்குழிக்குச் சென்றன. படத்திற்கும் உடலுக்கும் ஒரே எண் இட்டுச் செம்புத் தகடு கட்டுவது முறை. எண் பொறிக்கும் உளியும் கருவியே என்று, அதையும் எடுத்து வைத்திருந்தார்கள். தகடில்லாமலே மண் தள்ளப்பட்டது.

துக்கம் முடிந்தும் பலகைகள் திரும்பவில்லை; அவை தாமாகவே வர வேண்டும் என்று பெருங்காரி எவரையும் விசையைத் தொட விடவில்லை. நான் இருபத்திரண்டாம் தேதி சென்றபோது சாவடியில் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். கணினியை ஒருமுறை அணைத்து எழுப்பலாமா என்று கேட்டேன். துக்கத்தில் இருக்கும்போது அணைத்தால் இறந்துவிடும் என்று பெருங்காரி என் காலைப் பிடித்தார். திரையின் மேலே உள்ள பட்டியலைத் திறந்து பார்க்கலாமா என்றேன். திறக்க ஒருவரும் கை நீட்டவில்லை. கொட்டடியிலிருந்து நல்லினியை வரவழைத்தேன். கையில் விலங்கோடு வந்தவர் என்னை வணங்கவில்லை. படங்களையெல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள், அழித்துவிடவில்லையே என்பதே அவர் முதல் கேள்வி. பிறகு ஒரு விரலால் அந்த விசையை அழுத்தினார். பலகைகள் வந்து நின்றன. "பதிமூணு நாளா கொட்டடிச் சுவத்துக்கிட்ட இதைத்தான் சொல்லிட்டிருந்தேன்" என்றார்.

விலங்கை அகற்றிய கையோடு அவர் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். இரண்டு நாளில் நாற்பத்தொரு முகங்களையும் மீட்டார். அழகுபடுத்தவில்லை; சேற்றை எடுத்தவர் தழும்பை விட்டுவைத்தார், கோணல் பல்லை நேராக்கவில்லை. முப்பத்தெட்டு முகங்களுக்கு உறவினர் பெயர் சொன்னார்கள். இருபத்தாறாம் படத்தில் புருவத்தை வெட்டிச் செல்லும் வடுவைக் கண்டு வேம்பி தம் கணவரை அறிந்தார். கையால் அந்த வடுவைத் தொட்டுப் பார்த்தார், அழவில்லை. எங்கே என்று மட்டும் கேட்டார்.

பொதுக்குழிக்கு நானே அழைத்துச் சென்றேன். நாற்பதடி நீளமும் இருபதடி அகலமும் உள்ள மண்மேடு அது. நீர்க்கடன் வார்க்கக் குடத்து நீரோடு வந்த வேம்பி விளிம்பில் நின்று, "எந்தப் பக்கம்யா?" என்றார். குழி வெட்டியவர் இந்தப் பக்கம் பதினைந்து பேர் இருக்கும் என்று ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். உடல்கள் கிடந்த நிலையில், மீண்டும் தோண்டினாலும் முகம் கொண்டு அறிய முடியாது என்று மருத்துவர் கூறிவிட்டார்.

இவை யாவும் கேட்டபின் கோவேந்தர் அருளிய ஆணைகளைத் தாங்கள் தவறாது நிறைவேற்ற வேண்டும்.

பெருங்காரியின் உயிரைத் தொட வேண்டாம். அவர் மூடத்தனமாக நம்பினார். அந்நம்பிக்கைக்கு அரச முத்திரை இட்டுக் கொடுத்தது தலைநகர். அவர் தலைக்கு வாள் உண்டென்றால் என் தலைக்கும் உண்டு என்று அரசரிடம் சொன்னேன். பெருங்காரி பதவி நீங்குகிறார். நல்லினி இன்று முதல் சாவடித் தலைவர். அவர் மீதிருந்த குற்றம் ஏட்டில் அடிக்கப்படாமல், பொய்க்குற்றம் என்று அருகில் எழுதப்படும். நானும் இவ்வோலையோடு எழுத்தாணியைக் கீழே வைக்கிறேன்.

நாட்டின் எல்லாச் சாவடிகளுக்கும் நல்லினி சொல்லக் கேட்டு எழுதிய விதி இது. திரையில் கருவிப் பலகைகள் காணாமற்போனால் எவரும் அழவோ சங்கூதவோ வேண்டாம். முதலில் டேப் விசையை ஒருமுறை அழுத்துக. வராவிடில் திரையின் மேலுள்ள 'சாளரம்' என்னும் பட்டியலைத் திறந்து, வேண்டிய பலகையின் பெயர்மீது அழுத்துக. அதற்கும் வராவிடில், பணியிடத்தைத் தொடக்க நிலைக்கு மீட்கும் கட்டளையை அப்பட்டியலிலேயே காண்க. முன்பு இணைத்திருந்த இரண்டாம் திரையைக் கழற்றியிருந்தால், பலகை அதனோடு போயிருக்கக்கூடும் என்பதையும் எண்ணுக. இவை யாவும் தோற்றால், வேலையைச் சேமித்துவிட்டு மென்பொருளை மூடித் திறக்கலாம். அதனால் எதுவும் இறந்துவிடாது. இறந்தவரின் முகம் திரையில் இருக்கும் வரை, எவர் சாவுக்காகவும் அச்சாவடி தன் கருவிகளை எடுத்து வைக்கலாகாது.

இறுதியாக ஒன்று. நீர்க்கடனை ஓர் உடலுக்கு ஓரிடத்தில்தான் வார்க்க வேண்டும் என்பது நம் சமயச் சட்டம். அன்று வேம்பி வார்க்கவில்லை. நிறைகுடத்தோடு வீடு திரும்பினார். அதன்பின் நாள்தோறும் வந்து மேட்டைச் சுற்றி நடக்கிறார், நிற்கிறார், போய்விடுகிறார் என்று காவலர் கூறுகிறார். அவரை எவரும் தடுக்கலாகாது, அவசரப்படுத்தலாகாது, இடம் காட்டவும் கூடாது. என்றைக்கு எந்த இடத்தில் அவர் குடத்தைச் சாய்க்கிறாரோ, அந்த இடத்தில்தான் குமரன் இருக்கிறார் என்று அரசு ஏற்கும்; அதற்கு மாறாக நாளை எவர் எதைக் கண்டெடுத்தாலும் அது செல்லாது. மற்ற முப்பத்தேழு பேருக்கும் இவ்வாறே.

ஐப்பசி இருபத்தொன்பதாம் நாள், தலைநகரில் எழுதி, படித்துக் காட்டி, ஏழாற்று முத்திரை அரக்கில் பதிக்கப்பட்டது. கண்டவுடன் செய்க.